பன்னிரண்டால் வகுக்கும் மாதம்

மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்தை மாதச் செலவு கவிழ்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வாடகை, மளிகை, பால், ரயில் பாஸ், மின்கட்டணம், குழாய் எரிவாயு ஆகியவை எவ்வளவு ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கையைக் கடிப்பவை ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகள். மும்பையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவற்றில் பெரும்பகுதி தீபாவளிக்கும் ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கும் நடுவில்தான் வந்து சேர்கிறது. முதலில் தீபாவளித் துணிமணியும் வேலைக்காரர்களுக்கான போனஸும். அடுத்து ஊருக்குப் போகப் பொங்கல் டிக்கெட். ஜனவரியிலிருந்து மார்ச் வரை சம்பளத்தில் கூடுதல் வரிப்பிடித்தம். பிறகு காப்பீட்டுப் பிரீமியம், வீட்டு ஒப்பந்தப் புதுப்பிப்பு, பள்ளிக் கட்டணம், பாடநூல், சீருடை.

ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஜனவரி மாதச் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வருபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். "ஏன் இவ்வளவு குறைந்திருக்கிறது?" என்று கேட்பவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள், கட்டுசெட்டாக வாழ்பவர்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். செம்பூரில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு டிசம்பரிலும் நானும் கணவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து செய்கிற வேலை இது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் இப்போது கூட உட்காருகிறாள்.

அந்த நோட்டில் மாதச் செலவு எதையும் எழுதுவதில்லை. வருகிற பன்னிரண்டு மாதங்களில் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் வரப்போகும் செலவுகளை எழுதுகிறோம். சுமாரான ஒரு குடும்பத்துக்கு அது எப்படி இருக்கும் என்று பாருங்கள். பொங்கல் பயணமும் ஊரில் ஆகும் செலவும் 45,000. மருத்துவக் காப்பீடு 28,000. ஆயுள் காப்பீடு 18,000. பள்ளியில் மொத்தமாகக் கட்டுவது 60,000. தீபாவளி 25,000. வீடு மாறினால், அல்லது ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால், 40,000. கூட்டினால் 2,16,000 வருகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 18,000.

இந்த 18,000 ரூபாயை முதன்முதலாகப் பார்க்கிற எவரும் திடுக்கிடத்தான் செய்வார்கள். மாதம் பத்தாயிரம் மிச்சமாகிறது என்று நம்பிக்கொண்டிருந்த வீட்டில் உண்மையில் எட்டாயிரம் பற்றாக்குறை இருந்திருக்கிறது. அந்தப் பற்றாக்குறை தன் முகத்தை மாதாமாதம் காட்டாமல், ஒரு மாதம் கிரெடிட் கார்டாகவும் ஒரு மாதம் கைமாற்றாகவும் இன்னொரு மாதம் அடகுக் கடைக்குப் போகும் வளையலாகவும் வெளிப்பட்டிருக்கிறது. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப்போட்டால் வட்டி ஆண்டுக்கு நாற்பது சதவீதத்தையும் தாண்டும். பொங்கல் டிக்கெட்டை அப்படி வாங்கினால் அடுத்த தீபாவளி வரை அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எண் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது எளிது. சம்பளம் வருகிற அன்றே அந்தப் பதினெட்டாயிரம் வேறொரு வங்கிக் கணக்குக்குத் தானாகப் போய்விட வேண்டும். அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டும் வேண்டாம், கைப்பேசிச் செயலியில் இணைப்பும் வேண்டாம். முழுத் தொகையும் முடியாதென்றால் பாதியை ஒதுக்குங்கள். பள்ளிக் கட்டணத்தை மட்டுமாவது ஓராண்டுத் தொடர் வைப்பாகப் போடுங்கள். முதல் ஆண்டு கஷ்டமாகத்தான் இருக்கும், ஏனென்றால் பழைய ஆண்டின் கடனையும் புதிய ஆண்டின் ஒதுக்கீட்டையும் ஒரே சம்பளம் தாங்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து வீட்டின் மூச்சே மாறிவிடும்.

மும்பைக்கே உரிய ஒரு செலவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே வாடகை வீடு என்பது பெரும்பாலும் பதினொரு மாத 'லீவ் அண்ட் லைசன்ஸ்' ஒப்பந்தம்தான். சில வீடுகளில் இருபத்திரண்டு, முப்பத்து மூன்று மாதங்களுக்கும் போடுவார்கள். 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். காலம் முழுவதற்குமான வாடகையில் 0.25 சதவீதம் முத்திரைக் கட்டணம், அதோடு பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். வைப்புத் தொகைக்கும் ஒரு வட்டியைக் கணக்கிட்டு வாடகையோடு சேர்ப்பார்கள் என்றாலும் இதெல்லாம் சிறு தொகைதான். பெரியது தரகர் கேட்கும் ஒரு மாத வாடகை. புது வீட்டுக்கு மட்டுமின்றி, இருக்கிற வீட்டின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் சில தரகர்கள் கேட்கிறார்கள். அதற்கு மேல் வாடகை உயர்வு, கூடுதல் வைப்புத் தொகை, வீடு மாறினால் வண்டிக் கூலி, புது வீட்டில் கொசுவலை, திரைச்சீலை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பிறந்து வளர்ந்து, முலுண்டுக்கோ டோம்பிவிலிக்கோ வாடகைக்குப் போன இளம் குடும்பங்கள் பலவற்றில் இந்த ஒரு வரியே நோட்டில் இருப்பதில்லை. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை நிச்சயமாக வருகிற செலவை எதிர்பாராத செலவு என்று சொல்லக் கூடாது. டிசம்பரிலேயே வீட்டுக்காரரிடம் பேசுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் இருப்பது உறுதி என்றால் முப்பத்து மூன்று மாத ஒப்பந்தத்துக்கு அவரைச் சம்மதிக்க வைப்பது நல்லது. உயர்வு எவ்வளவு என்பதும் அதிலேயே எழுத்தில் வந்துவிடும்.

தீபாவளி போனஸைப் பற்றிக் கேட்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் மாவ்ஷிக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது இந்த நகரத்தில் நடைமுறை. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் தொழிலாளிக்கு ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் தர வேண்டும் என்றது, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அதுவும் ஆண்டில் ஒரு மாதச் சம்பளம்தான். நம் அலுவலகத்தில் நாம் எதிர்பார்ப்பதை நம் சமையலறையில் நிற்பவருக்கும் தருவது நியாயம். கையில் இருந்தால் தருவோம் என்று அதை வைக்காமல், நோட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.

அடுத்தது ஊர். ரயில் முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். எனவே பொங்கலுக்கான டிக்கெட் நவம்பர் பாதியில், தீபாவளிச் செலவின் சூடு ஆறுவதற்குள் வந்துவிடுகிறது. தாதரிலிருந்தும் குர்லாவிலிருந்தும் தெற்கே போகும் வண்டிகள் திறந்த சில நிமிடங்களில் நிறைந்துவிடும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். திருநெல்வேலி வரை நான்கு பேர் மூன்றாம் வகுப்பு ஏசியில் போய்வர ரயில் கட்டணமே 15,000 ரூபாய்க்குக் குறையாது. தவறவிட்டால் தட்கல், அல்லது விமானம். விமானம் என்றால் மொத்தக் கணக்கும் இரண்டு மடங்காகும். செப்டம்பரிலேயே அந்தப் பணம் தனிக் கணக்கில் இருந்தால்தான் பதிவு திறக்கும் காலையில் கை நடுங்காமல் பொத்தானை அழுத்த முடியும்.

ஊர்ச் செலவில் டிக்கெட்டைவிடப் பெரிய பகுதி உறவுக்குப் போவது. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பொங்கல்படி கொடுக்க வேண்டும். பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போது பெரும்பாலும் பணமாகவே கொடுத்துவிடுகிறார்கள். என் கணவருக்கு இரண்டு தங்கைகள். எனக்கு என் அண்ணன் கொடுக்கிறார். இதையெல்லாம் வீண் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பிறந்த வீட்டிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தத் தொகைக்காக அல்ல, தன்னை யாரும் மறக்கவில்லை என்று அறிவதற்காகவே பெண்கள் அதை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் தங்கைகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கணவர் மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டிருந்து, ஜனவரி பத்தாம் தேதி சொன்னால், அங்கே சண்டை வராமல் என்ன செய்யும்? ஊருக்கு அனுப்பும் பணமும், பொங்கல்படியும், கோயில் கொடைக்கு எழுதும் வரியும் டிசம்பர் நோட்டில் இருவர் கண்ணெதிரிலும் இருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அனுப்புவது என்ற ஏற்பாட்டில் ஊரில் காத்திருப்பவருக்கும் நிம்மதியில்லை, அனுப்புபவருக்கும் நிம்மதியில்லை.

இனி வரி. ஜனவரிக் கேள்விக்குப் பதில் இதுதான். ஏப்ரலில் நீங்கள் இன்னின்ன முதலீடு செய்யப்போகிறேன் என்று அறிவித்ததை நம்பி அலுவலகம் குறைவாக வரி பிடிக்கிறது. டிசம்பரிலோ ஜனவரியிலோ சான்று கேட்கிறது. கொடுக்க முடியாத தொகைக்கு உரிய வரி முழுவதையும் எஞ்சிய மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தாக வேண்டும். 36,000 பாக்கி என்றால் மாதம் 12,000. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த கையோடு அது விழுகிறது. பிப்ரவரியில் தொழில் வரியும் 200 ரூபாய்க்குப் பதில் 300 ரூபாயாகப் பிடிக்கப்படும். மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு 2,500 கணக்காக வேண்டும் என்பதற்காக.

இந்த பயத்தில்தான் டிசம்பர் கடைசியில் தெரிந்தவர் ஒருவர் கொண்டுவரும் பாலிசிப் படிவத்தில் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். பதினைந்து, இருபது ஆண்டு கட்ட வேண்டிய பாலிசியை ஓர் ஆண்டு வரிக்காக எடுப்பதைப்போல் ஒரு குடும்பத்தை நீண்ட நாள் வதைக்கும் முடிவு வேறில்லை. முதல் சில ஆண்டுகளில் நிறுத்தினால் கட்டியதில் நல்ல பகுதி போய்விடும். அதைவிட முக்கியமான விஷயம், பலருக்கு இப்போது அந்த வரிச்சலுகையே கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல் நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால் புதிய வரிமுறைதான் பொருந்தும். அதில் முதலீடுகளுக்கும் பாலிசிகளுக்கும் கழிவு தரும் 80சி பிரிவு கிடையாது, வீட்டு வாடகைப் படிக்கு விலக்கும் கிடையாது. அதற்குப் பதிலாக 2025-26-இல் சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவு போக 12 லட்சம் வரை, அதாவது 12.75 லட்சம் சம்பளம் வரை, வரியே இல்லை.

அதற்கு மேல் வாங்குபவர்கள் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 15 லட்சம் சம்பளம், அதில் அடிப்படைச் சம்பளம் பாதி, கைக்கு வரும் வாடகைப் படி அடிப்படையில் பாதி, கொடுக்கிற வாடகை மாதம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் வாடகை விலக்காக 2,85,000 கிடைக்கும். 80சி-யின் 1,50,000 முழுவதையும், மருத்துவக் காப்பீட்டின் 25,000-ஐயும் கழித்தாலும் செஸ் சேர்த்து வரி 1,14,400. புதிய முறையில் எதுவும் செய்யாமலே 97,500. மூத்த குடிமக்களான பெற்றோரின் காப்பீட்டுக்கு இன்னும் 50,000 கழித்தாலும் பழைய முறையில் 1,04,000 வருகிறது. வாடகை இதைவிடப் பெரியதாகவோ, வீட்டுக்கடன் வட்டி பெரியதாகவோ இருந்தால் கணக்கு மாறலாம். எல்லோரும் தங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டே பாலிசிப் படிவத்தைத் தொடட்டும்.

பழைய முறைதான் லாபம் என்று தெரிந்தவர்களுக்கு ஓர் ஆறுதல். அலுவலகத்தின் கெடு தவறினாலும் சட்டத்தின் கெடு மார்ச் 31 வரை இருக்கிறது. அதற்குள் முதலீடு செய்து, ஜூலையில் வருமான வரிப் படிவத்தில் காட்டிப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். வாடகை ரசீதுக்கும் அப்படியே. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். ஆகவே மூன்று மாதம் கை இறுக்கமாக இருக்குமே தவிர, பணம் போய்விடாது. பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு வைத்திருப்பவர்கள் எந்த வரிமுறையில் இருந்தாலும் மார்ச் 31-க்குள் 500 ரூபாயாவது போட்டுக் கணக்கை உயிரோடு வைத்திருக்க வேண்டும். பெண் குழந்தையின் செல்வமகள் கணக்குக்கு 250 ரூபாய்.

சீட்டைப் பற்றி எழுதாமல் மும்பைத் தமிழர் வீட்டுப் பணத்தைப் பற்றி எழுத முடியாது. சம்பளச் சீட்டு இல்லாத, வங்கிக்கடன் கிடைக்காத எத்தனையோ பெண்கள் இந்த ஊரில் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் ஊரில் ஓட்டுவீட்டை மாற்றிக் கட்டியதும் சீட்டுப் பணத்தில்தான். இட்லி விற்கும் பெண்கள் நடத்தும் சீட்டில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை என்று தாராவியில் பெருமையாகச் சொல்வார்கள், அந்தப் பெருமைக்கு அவர்கள் தகுதியானவர்களே. என் கவலை டிசம்பர் ஏலத்தைப் பற்றியது. பொங்கலுக்குப் பணம் வேண்டும் என்று எல்லோரும் ஒரே மாதத்தில் கேட்பதால் தள்ளுபடி ஏறிவிடுகிறது. மாதம் 5,000 வீதம் இருபது மாதச் சீட்டில் ஒரு லட்சத்தை 25,000 தள்ளி எடுப்பவர் கையில் 75,000-தான் கிடைக்கும், ஒரு லட்சச் சீட்டின் தவணைகளையோ கழிவு போக முடிவு வரை கட்டியாக வேண்டும். அவசர மருத்துவத்துக்கு அப்படி எடுக்கலாம். ஆண்டுதோறும் தை முதல் நாளில் வருவது தெரிந்த பண்டிகைக்கு அப்படி எடுக்க வேண்டாமே. அதே சீட்டைக் கடைசி மாதங்கள் வரை பொறுத்து எடுப்பவருக்கு மற்றவர்களின் தள்ளுபடி லாபமாக வருகிறது. சீட்டு நடத்துபவரின் தரகு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு செய்த சீட்டுகளில் அதிகபட்சம் 7 சதவீதம். பதிவு செய்யாத சீட்டில் பணம் போனால் கேட்க இடமில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

வங்கிக்கும் இது பொருந்தும். 2019 செப்டம்பரில் இங்கே ஒரு கூட்டுறவு வங்கி முடங்கியபோது, முதலில் ஒருவர் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. அப்போது வைப்புத் தொகைக் காப்பீடு ஒரு லட்சம்தான், 2020 பிப்ரவரியில் அது ஐந்து லட்சமானது. வட்டி அரை சதவீதம் கூடுதல் என்பதற்காக மொத்தச் சேமிப்பையும் ஒரே சிறிய வங்கியில் வைக்க வேண்டாம். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சத்துக்குள் இருக்கட்டும்.

எங்கள் பழைய கட்டடத்தில் அக்கா என்று நான் அழைத்தவரின் கணவர் திடீரென்று இறந்தபோது, எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து ஆண்டு சம்பாதித்தவரின் காகிதங்களைத் தேடி, இரும்பு அலமாரியையும் அலுவலகப் பையையும் அவர் மாதக்கணக்கில் புரட்டினார். ஒரு பாலிசியில் நியமனதாரராக இருந்தது அவருடைய மாமியார், அவர் முன்பே காலமாகிவிட்டார். அந்த அக்கா படித்தவர், ஆசிரியையாக வேலை செய்தவர். பணத்தை ஆண் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு ஒரு பெண்ணை அவளுடைய மிகத் துயரமான மாதங்களில் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று நான் நேரில் பார்த்தேன். இதில் எனக்குச் சமாதானமே இல்லை. டிசம்பர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாக் கணக்கு எண்களும், பாலிசி எண்களும், யார் நியமனதாரர் என்பதும், எந்தக் காகிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதும் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். மறைந்தவரின் பழைய கணக்குகள் எங்கே கிடக்கின்றன என்று தேட ரிசர்வ் வங்கியின் உத்கம் தளம் 2023 முதல் இருக்கிறது. பத்தாண்டு தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விட்டாலும் வாரிசுகள் உரிமை கோரலாம். மகளை நோட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பதற்கும் இதுதான் காரணம்.

எங்கள் நோட்டில் இந்த ஆண்டு அதிக நேரம் எடுத்த வரி என் மாமியாரின் மருத்துவக் காப்பீடு. எழுபதைத் தொடப்போகிறார், கோவில்பட்டியில் தனியாக இருக்கிறார், சர்க்கரை இருக்கிறது. "எனக்கெதற்கம்மா இந்த வயதில், அந்தப் பணத்தைப் பேத்தி படிப்புக்குப் போடு" என்கிறார். பேத்தியின் படிப்புக்குத் தனி வரி இருக்கிறது அத்தை என்று சொல்லியிருக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கிவிட்டது. அந்த மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் காப்பீட்டுத் தொகையை மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்துவது என்று முடிவு செய்தோம். மீதி பிரீமியத்துக்கு மாதம் 900 ரூபாய் கூடுதலாக ஒதுக்க வேண்டும். உயர்த்தும் இரண்டு லட்சத்துக்குச் சர்க்கரை நோய்க்கான காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும், அது அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதனால்தான் அடுத்த ஆண்டுக்குத் தள்ளவில்லை. புதுப்பிக்கும் தேதி பிப்ரவரியில் வருகிறது. பொங்கலுக்குப் போகும்போது அத்தையின் ரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் கையெழுத்தையும் வாங்கி வருவதென்று கணவர் எழுதி வைத்திருக்கிறார்.